ஒரு சொம்புத் தண்ணீர்

பழனிக்கு இன்னும் ஒரு நாள் நடை இருந்தது. பாதயாத்திரைக் கூட்டம் ஒட்டன்சத்திரத்தைத் தாண்டி ஒரு புளியந்தோப்பில் இறங்கியிருந்தது.

மாலையானதும் மெய்யப்பன் சொம்பில் மஞ்சள் தண்ணீர் கொண்டுவந்து, கூட்டத்தை நடத்திவரும் குருசாமியின் முன்னால் வைத்தார். புறப்பட்ட நாளிலிருந்து அது வழக்கம். குருசாமியின் காலைக் கழுவிய பிறகுதான் மற்றவர்கள் உட்காருவார்கள்.

குருசாமி காலை மடக்கிக்கொண்டார்.

“அருணகிரிக்கு ஆஸ்பத்திரியில என்ன சொன்னாங்க?”

“முள்ளை எடுத்துட்டாங்களாம் சாமி. பாதி உள்ளேயே ஒடிஞ்சு கிடந்திருக்கு. சீழ் கோத்திருச்சு. காலுக்கு ஆபத்து இல்லை. ஆனா ஒரு வாரத்துக்குக் கீழே ஊனக் கூடாதாம்.”

அருணகிரியின் காவடி மரத்தில் சாய்ந்திருந்தது. சாகக் கிடந்த மனைவி எழுந்து உட்கார்ந்தால் காவடியோடு நடந்தே வந்து படியேறுகிறேன் என்று வேண்டிக்கொண்டவர். மனைவி எழுந்து உட்கார்ந்துவிட்டாள். காலையில் அவரைத்தான் வண்டியில் ஏற்றி அனுப்ப வேண்டியதாயிற்று.

“அழுதாரா?”

“இல்லை சாமி. காவடி பத்திரமா இருக்கான்னு கேட்டாராம்.”

மெய்யப்பன் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். கூட்டத்தின் மருந்துப் பை அவர் தோளில்தான் தொங்கும். காலையிலிருந்து மனதில் உறுத்திக்கொண்டிருந்ததை அவர் கேட்டார்.

“நான் மருந்து போடாம விடலையே சாமி. முள் குத்தின அன்னிக்கே ஜெல் போட்டேன். மறுநாள் வலிக்குதுன்னார், இன்னும் கனமா அப்பித் துணி சுத்தினேன். நேத்து வீங்கினப்பவும் போட்டேன். அப்புறம் ஏன் இப்படி ஆச்சு?”

அடுப்பருகே கூட்டத்துக்குச் சமைத்துக்கொண்டிருந்த வெள்ளையம்மாள் திரும்பிப் பார்த்தாள்.

“கண்டக்டர் அண்ணன் டிக்கெட் கிழிக்கிற மாதிரி ஆளுக்கொரு பிதுக்கு பிதுக்கிட்டே போவார். யாருக்கு என்ன காயம்னு எங்கே பார்த்தார்?”

யாரும் சிரிக்கவில்லை.

“அந்த டியூபைக் கொடுங்க” என்றார் குருசாமி. “இதோட அட்டைப்பெட்டி எங்கே?”

“பாரம்னு வீட்டிலேயே போட்டுட்டு வந்துட்டேன்.”

டியூபின் பின்பக்கத்திலும் பொடி எழுத்து இருந்தது. குருசாமி அதைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்து, எழுத்துக் கூட்டி வாசித்தார்.

“‘சிறிய கீறல், சிராய்ப்புகளுக்கு மட்டும். காயத்தைச் சுத்தமான நீரில் கழுவித் துடைத்தபின் மெல்லியதாகத் தடவவும். ஆழமாகக் குத்திய காயத்துக்குப் பயன்படுத்த வேண்டாம். வலியோ வீக்கமோ கூடினால் உடனே மருத்துவரைப் பார்க்கவும்.’”

டியூபைத் திருப்பிக் கொடுத்தார்.

“கழுவினீங்களா?”

“மண்ணைத் துண்டால தட்டிவிட்டேன் சாமி. அன்னிக்குத் தண்ணி வண்டி வரலை. எல்லாரும் குடிச்சது போக மிச்சம் ஒரு சொம்புதான்...”

மெய்யப்பனின் பார்வை தரையில் இருந்த சொம்பின் மேல் விழுந்தது.

குருசாமியும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

“என் கால்ல ஒரு கீறல்கூட இல்லை, மெய்யப்பன்” என்றார். “ஆனாலும் அன்னிக்கு அந்தச் சொம்புக்கு நான் காலை நீட்டினேன்.”