கிளையை ஏமாற்றிய வாத்து

அன்று ஏரியில் இருந்தவை: வரித்தலை வாத்துகள் முப்பத்தேழு, நெற்றியில் வெள்ளை நாமம் போட்ட நாமக்கோழிகள் பதினொன்று, மதகுக் கல்லில் வெயில் காய்ந்த ஆமை ஒன்று. வேறு யாரும் இல்லை.

வாத்துகள் பனிமலைக்கு அப்பால் உள்ள தங்கள் நாட்டுக்குக் கிளம்ப ஆயத்தம் செய்தன. வாத்துக்கு ஏது மூட்டை முடிச்சு? வழிக்கு வேண்டிய சாப்பாட்டை முன்கூட்டியே தின்று, உடம்பில் கொழுப்பாகக் கட்டிக்கொண்டுதான் போக வேண்டும். அது போதுமா என்று பார்க்க ஒரு வழக்கம் இருந்தது. தண்ணீரின் மேல் நீட்டிக்கொண்டிருந்த கருவேலங்கிளையின் நுனியில் ஒவ்வொன்றாக ஏறி நிற்கும். கிளை வளைந்து தண்ணீரைத் தொட்டால் போகலாம். தொடாவிட்டால் அந்த வருஷம் ஏரியிலேயே தங்க வேண்டும்.

முப்பத்தாறு வாத்துகளுக்குக் கிளை தண்ணீரைத் தொட்டது. கடைசியாகச் சாம்பன் என்ற ஆண் வாத்து ஏறியது. தூண்டில் நரம்பில் கால் சிக்கி, பல நாள் மேயப் போகாமல் கிடந்த வாத்து அது. கிளை அசையக்கூட இல்லை.

"என்ன சாம்பா, நீ ஏறியது கிளைக்குத் தெரியவே இல்லையே!" என்று ஒரு வாத்து கத்தியது.

"காற்றடித்தால் தானாகவே ஊர் போய்ச் சேர்ந்துவிடும்!" என்றது இன்னொன்று. எல்லாம் சிரித்தன.

கூட்டத்தின் தலைவி வெண்பிடரி மட்டும் சிரிக்கவில்லை. "மூன்று நாள் தருகிறேன். தின்று பார். முடியாவிட்டால் தங்கிவிடு தம்பி" என்றது.

ஒரு நாமக்கோழி நீந்தி வந்தது. "தங்குங்கள் அண்ணே! மதகுப் பள்ளத்தில் கோடையிலும் தண்ணீர் நிற்கும். கோரைக்கிழங்குக்கும் குறைவில்லை."

"உங்களோடு சேற்றில் புரளவா? போ, போ!" என்றது சாம்பன்.

அதன் பெண்டாட்டி செங்காலி, "நானும் உங்களோடு இருந்துவிடுகிறேன். ஒரு வருஷம்தானே?" என்றது.

"எனக்காக நீயும் தங்கினாய் என்று ஊரெல்லாம் பேசட்டும், அதுதானே உனக்கு வேண்டும்?"

செங்காலி தனியே மேயப் போனது.

மூன்று நாளில் எவ்வளவு புல்லைத் தின்ன முடியும்? மூன்றாம் நாள் சாம்பன் கரைக்குப் போய்க் கூழாங்கற்களை விழுங்கியது. செங்காலி பார்த்தது. "ஐயோ, இது என்ன?" என்று பதறியது.

"சத்தம் போடாதே! கிளை தொட்டால் போதும்."

சாம்பன் ஏறியதும் கிளை நுனி தண்ணீருக்குள்ளேயே முங்கியது. வெண்பிடரிக்கு நம்ப முடியவில்லை. "மூன்று நாளிலா இவ்வளவு?"

"பட்டினி கிடந்த வயிறு, அக்கா. அள்ளி அள்ளித் தின்றார்" என்றது செங்காலி. சொந்த ஊரின் பசும்புல்லும் பழைய கூடும் அதன் கண்ணுக்குள் நின்றன.

"அப்படியானால் நீதான் எல்லாரையும்விடக் கனம்! கணவாயில் காற்றை உடைத்துக்கொண்டு முன்னால் பறப்பது இந்த வருஷம் உன் முறை" என்றது வெண்பிடரி.

 சாம்பன் மாட்டேன் என்று எப்படிச் சொல்லும்?

மலையடிவாரத்தில் இறங்கித் தங்கியபோது செங்காலி கெஞ்சியது. "இப்போதாவது சொல்லிவிடுவோம். இங்கேயே நின்றுகொள்ளலாம்."

"சொன்னால் சிரிப்பார்கள்."

"சிரித்தால் சிரிக்கட்டுமே!"

சாம்பன் தலையைச் சிறகுக்குள் செருகிக்கொண்டது.

மறுநாள் கணவாயில் எதிர்க்காற்று கல்லாய் அடித்தது. மற்றவை கொழுப்பைக் கரைத்துக் கரைத்துப் பறந்தன. சாம்பனிடம் கரைக்க ஒன்றும் இல்லை. கற்களோ கரையவில்லை. முதலில் அதன் சிறகடிப்பு தளர்ந்தது. பிறகு கழுத்து தொங்கியது.

"அக்கா! அவர் வயிற்றில் இருப்பது கல்! எல்லாம் கல்!" என்று செங்காலி அலறியது.

"பாவி! ஏரியிலேயே சொல்லியிருந்தால் விட்டுவிட்டு வந்திருப்பேனே! உயிரோடாவது இருந்திருப்பான்!" என்று கத்திக்கொண்டே வெண்பிடரி முன்னால் பாய்ந்தது.

அதற்குள் சாம்பன் விழுந்துகொண்டிருந்தது. பனியில் ஒரு சிறு குழி தெரிந்தது. அடுத்த காற்றில் அதுவும் மூடிக்கொண்டது. செங்காலி கீழே இறங்க முயன்றது. இரண்டு வாத்துகள் இரு பக்கமும் நெருங்கி, அதை விடாமல் தள்ளிக்கொண்டு போயின.

நம்மைக் காப்பதற்காக வைத்த சோதனையை வெட்கத்துக்கு அஞ்சி ஏமாற்றினால் போவது நம் உயிர்தான். அதற்குத் துணை போகும் அன்பும் அன்பு ஆகாது.

மலை தாண்டி இறங்கியவை முப்பத்தாறு.