நான்காம் நிலைப் பெட்டி

திருமூர்த்தி கோபமாகத்தான் வந்தான். ஞாயிற்றுக்கிழமைத் தியானம் முடிந்து எல்லோரும் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். ஆனைமலை அடிவாரத்திலிருந்த அந்த மடத்துக்குள் காரை ஓட்டி வந்து நிறுத்தினான். பின்சீட்டிலிருந்து மகள் ஆதிரை இறங்கினாள். ஒன்பது வயது. அவன் கதவைச் சாத்திய வேகத்தில் அவள் தோள்கள் ஒரு முறை குலுங்கி அடங்கின.

மடத்தை நடத்தும் சிவகாமி அம்மையாரிடம் அவன் ஆறு வருடமாகச் சீடன். அவர் அவனைவிட இரண்டே வயது மூத்தவர். மெதுவாகப் பேசுவார். இனிமையாகப் பேசுவார் என்று மட்டும் யாரும் சொன்னதில்லை.

"கண்ணு, சமையல்கட்டுல போய் மோர் வாங்கிக் குடி" என்று ஆதிரையை அனுப்பினார். பிறகு அவனைப் பார்த்து, "சொல்லு" என்றார்.

"ஒரே கேள்விதாங்கம்மா. இவளை நாலாவதுக்கு ஏத்தறதா, மூணாவதுலயே வெக்கறதா?"

இரண்டு வருடத்துக்கு முன் மகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தியவன் அவன். தன் வேலையை விட்டுவிட்டு வீட்டிலேயே பாடம் சொல்லிக்கொடுத்தான். மனைவி சுகந்தி வங்கியில் வேலை பார்த்தாள். வீட்டில் படிப்பவர்களுக்கான பாடப் புத்தகங்கள், வகுப்புக்கு ஒரு நிலை என்று, தபாலில் பெட்டியாக வரும். ஒரு நிலையின் கடைசித் தேர்வில் தேறினால்தான் அடுத்த பெட்டியைப் பிரிக்கலாம். நான்காம் நிலைப் பெட்டி வந்து, கோடை முழுக்க ஹாலில் அப்படியே கிடந்தது. மூன்றாம் நிலைக் கணக்கில் ஆதிரை திரும்பத் திரும்பத் தோற்றுக்கொண்டிருந்தாள்.

"வாயில கேட்டா டக்குனு சொல்றா. பேப்பர்ல எழுதச் சொன்னா தப்பு. நேத்தும் தப்பு. எங்கண்ணன் பையனுக்கும் இவ வயசுதான். அவன் அஞ்சாவது போயிட்டான். ஸ்கூலுக்கு அனுப்பாம புள்ளையக் கெடுத்துட்டான்னு சொந்தக்காரங்க சிரிக்கறாங்க. நேத்து ஆத்திரம் தாங்காம நோட்டைத் தூக்கி வீசிட்டேன்."

"யார் மேல?"

"சுவத்து மேலதான்."

அம்மையார் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவ பக்கத்து சுவரு" என்றான்.

"அந்தத் தேர்வுத்தாள் இருக்கா?"

"ரெண்டு எடுத்துட்டு வந்திருக்கேன். உங்க முன்னாடியே எழுத வெக்கலாம்னுதான்."

"குடு. நீ ஓடை வரைக்கும் நடந்துட்டு வா."

"நான் பக்கத்துல உக்காந்தாத்தாங்கம்மா அவ எழுதுவா."

"போ."

அவன் போனான். ஆதிரை மோர் மீசையோடு வந்து உட்கார்ந்தாள். அம்மையார் ஒரு தாளை அவள் முன்னால் வைத்தார். பென்சிலைக் கையில் எடுத்தவள் தாளைப் பார்த்தாள், வாசலைப் பார்த்தாள். அப்பா தோப்பைத் தாண்டிப் போய்விட்டதைக் கண்டதும் குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"சரியாப் போடட்டுங்களா, தப்பாப் போடட்டுங்களா?"

அம்மையார் அவள் பக்கம் குனிந்தார்.

"ரெண்டும் முடியுமா கண்ணு?"

"ம்."

இரண்டாவது தாளையும் அவள் பக்கம் நகர்த்தினார். முதல் தாளை ஆதிரை விறுவிறுவென்று போட்டு முடித்தாள். ஒன்றுகூடத் தப்பில்லை. இரண்டாவதற்குத்தான் நேரம் பிடித்தது. ஓரிடத்தில் கடன் வாங்க மறந்ததுபோல், இன்னோரிடத்தில் வாய்ப்பாடு குழம்பியதுபோல், பார்ப்பவர் நம்பும்படியாகத் தப்பு செய்தாள்.

"எல்லாத்தையும் தப்பாப் போட்டா அப்பா கண்டுபிடிச்சிருவாருங்க. நடுவுல கொஞ்சம் சரியாப் போடணும்" என்று விளக்கினாள்.

"எதுக்கு இப்படி?"

"மூணாவதுக்கே அப்பா இவ்ளோ கத்தறாரு. நாலாவது இன்னும் கஷ்டம்னு அவரேதான் சொன்னாரு. அப்ப இன்னும் கத்துவாரில்லீங்களா? இதுன்னா எனக்குப் பழகிருச்சு."

அம்மையாரின் முகம் சிவந்துவிட்டது. தாள்களை மடித்து வைத்தார்.

"நான் அப்பாகிட்ட இதைச் சொல்லட்டுமா?"

ஆதிரை மறுபடி வாசலைத் திரும்பிப் பார்த்தாள்.

"சொல்றப்ப நானும் உங்க பக்கத்துலயே நின்னுக்கலாமா?"

"நின்னுக்கோ."

"அப்பச் சொல்லுங்க."

திருமூர்த்தி திரும்பி வந்தான். முதல் தாளை வாங்கிப் பார்த்தான். பார்க்கப் பார்க்க முகம் மலர்ந்தது.

"எல்லாமே சரிங்கம்மா! என்ன பண்ணினீங்க?"

"ஒண்ணும் பண்ணலை. இதையும் பாரு. இதுவும் அவ போட்டதுதான். வேணும்னே."

பிள்ளை சொன்னதை ஒரு வார்த்தை மாற்றாமல் அவனிடம் சொன்னார்.

அவனுக்குக் கழுத்து நரம்பு புடைத்தது.

"அப்ப இத்தனை நாளா என்னை முட்டாளாக்கியிருக்கா? ஏய், ஆதிரை!"

அந்தச் சத்தத்துக்குச் சமையல்கட்டிலிருந்து இரண்டு பேர் ஓடி வந்து எட்டிப் பார்த்தார்கள். ஆதிரை அம்மையாரின் முதுகுக்குப் பின்னால் போய், சேலையைப் பிடித்துக்கொண்டாள்.

"உக்காரு" என்றார் அம்மையார்.

"இல்லீங்கம்மா, இன்னிக்கு இவளை..."

"உக்காருன்னேன்!"

அவர் கத்தி அந்த மடத்தில் யாரும் கேட்டதில்லை. திருமூர்த்தி உட்கார்ந்தான்.

"ஏத்தறதா வேண்டாமான்னு கேட்டியே. ஏத்து. நாளைக்கே பெட்டியைப் பிரி. ஆனா நீ சொல்லித் தராதே. வேற ஆளைப் பாரு."

உட்கார்ந்தவன் மறுபடி எழுந்துவிட்டான்.

"நான் சொல்லித் தரக்கூடாதா? எதுக்காக இவளை ஸ்கூல்ல இருந்து நிறுத்தினேன்னு தெரியுமா உங்களுக்கு? இதே கணக்குக்குத்தான். தப்பாப் போட்டான்னு ஒரு டீச்சர் போர்டுகிட்ட நிக்க வெச்சுக் கத்துச்சு. எம்புள்ள பயந்துட்டு, அத்தனை பேருக்கு முன்னால, நின்ன இடத்துலயே ஒண்ணுக்குப் போயிட்டா. நனைஞ்ச பாவாடையோட வீட்டுக்கு வந்து என் மடியில விழுந்து அழுதா. இனி ஒருத்தரும் எம்புள்ளையப் பாத்துக் கத்தக் கூடாதுன்னுதான் வேலையைத் தூக்கி எறிஞ்சேன். அந்த டீச்சரும் நானும் ஒண்ணுங்களா? சொல்லுங்கம்மா, ஒண்ணா?"

"ஒண்ணில்ல."

அம்மையாரின் குரலில் கோபம் தணியவில்லை. சேலையைப் பற்றியிருந்த சின்னக் கையின் மேல் தன் கையை வைத்துக்கொண்டார்.

"அந்த டீச்சர் கத்தினப்ப, ஓடி வர்றதுக்கு இவளுக்கு ஒரு வீடு இருந்துச்சு."