காலி ஹாலில் எண்ணிக்கை

“ஒண்ணு கேக்கறேன், சிரிக்கக் கூடாது. ஆளே இல்லாத ஹால்ல ‘ஒண்ணு’ன்னு ஒரு குரல் வந்தா நீ என்ன பண்ணுவ?”

கேட்டவள் ஜி பிளாக் கோமளவல்லி. பி.எட். முடித்தவள்.

கேட்கப்பட்டவள் பி பிளாக் பிலோமினா. எட்டு வயது இளையவள், பத்தாவது தாண்டாதவள். மரத்தடியில் வண்டி போட்டுத் துணி தேய்க்கிறாள். ஆனாலும் பள்ளி விட்டு வரும் பிள்ளைகளுக்கு அந்தக் குடியிருப்பில் முதன்முதலில் மாலை வகுப்பு தொடங்கியது அவள்தான். அவளிடம் பார்த்துக் கற்றுக்கொண்டுதான் கோமளவல்லி தன் பிளாக்கில் தொடங்கினாள்.

“ரெண்டுன்னு சொல்லுவேன்க்கா,” என்றாள் பிலோமினா, தலை நிமிராமல்.

“விளையாடாதே. நெஜமாவே வந்துச்சு.”

பிலோமினா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். “சொல்லுங்க.”

வகுப்பு தொடங்கும்போது பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்து ஆளுக்கொரு எண் சொல்ல வேண்டும். அது பிலோமினா ஏற்படுத்திய வழக்கம்.

போன வாரம் கோமளவல்லியின் வகுப்புக்கு ஒன்பது பேர் வந்தார்கள். ஒன்பது வரை எண்ணினார்கள்.

“பத்து,” என்றது ஒரு குரல்.

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மறுநாள் ஆறு பேர்தான் வந்தார்கள்.

“ஏழு,” என்றது குரல்.

அதோடு சரி. ஜி பிளாக் ஹாலில் பேய் படிக்கிறது என்று எட்டு மாடிக்கும் பரவிவிட்டது. சுண்டல் போட்டும் ஒரு பிள்ளை வரவில்லை.

“நேத்து நான் மட்டும் உக்காந்திருந்தேன். பழக்க தோஷம், ‘எண்ணுங்க’ன்னுட்டேன். ‘ஒண்ணு’ன்னு வருது பிலோ! கழிவறைப் பக்கத்துலேருந்து. சுண்டல் சட்டியை அங்கேயே போட்டுட்டு ஓடி வந்துட்டேன்.”

“அய்யோ, சுண்டல் வீணாப் போச்சா?”

“உனக்கு சுண்டல்தான் கவலை. வெள்ளிக்கிழமைக்குள்ள பத்துப் பிள்ளை வரலேன்னா ஹாலைப் பூட்டிடுவோம்னு குடியிருப்போர் சங்கத்துல சொல்லிட்டாங்க. நான் விட்டுடறேன். என்னால ஆகாது.”

பிலோமினா வண்டியில் தொங்கிய சாவி வளையத்தை நகர்த்திவிட்டு அடுத்த சட்டையை விரித்தாள்.

வளையத்தில் பதினொரு சாவிகள்.

“இதெல்லாம் யார் வீட்டுது?”

“வேலைக்குப் போறவங்களுது. பிள்ளைங்க வந்து வாங்கிக்கும்.”

“உன் வீட்டுச் சாவி எது?”

“அது என்கிட்ட இல்லையே.”

“பின்னே?”

பிலோமினா காலரைத் தேய்த்தாள். பிறகு சட்டைக் கையைத் தேய்த்தாள்.

“அந்தக் குரலுக்கு நீங்க இன்னும் ‘ரெண்டு’ சொல்லலக்கா. போய்ச் சொல்லிட்டு வாங்க.”

“நீயும் வாயேன்.”

“எனக்கு நாப்பது சட்டை கிடக்கு.”

*

ஐந்து மணி. ஹாலில் யாரும் இல்லை. சுண்டல் சட்டியில் எறும்பு.

கோமளவல்லி தரையில் உட்கார்ந்தாள்.

“எண்ணுங்க.”

“ஒண்ணு.”

“ரெண்டு,” என்றாள் கோமளவல்லி.

யாரோ சிரித்தார்கள். சின்னச் சிரிப்பு.

கழிவறை ஜன்னலைத் திறந்தாள். வெளியே, எட்டு மாடிக் குழாய்களும் இறங்குகிற இருண்ட சந்து. அண்ணாந்து பார்த்தாள். வானம் ஒரு தீப்பெட்டி அளவுக்குத் தெரிந்தது.

“எந்த வீடு?”

“பூட்டின வீடு.”

கரண்ட் இல்லை, லிப்டும் இல்லை. படியேறினாள். மாடிக்கு மாடி நின்று, நீண்ட வராந்தாவைப் பார்த்து, “எண்ணுங்க,” என்றாள்.

முதல் மாடியில் பதில் இல்லை. இரண்டாவதில் இல்லை. மூன்றாவதில் அவள் குரல் மட்டும் திரும்பி வந்தது.

நான்காவது மாடி. கடைசிக் கதவு. வெளியே பெரிய பூட்டு.

உள்ளிருந்து, “ஒண்ணு.”

கதவுக்கு அடியில், வெளிச்சம் வரும் இடுக்கில், நான்கு விரல்கள் நீண்டன.

கோமளவல்லி கத்தவில்லை. குனிந்து உட்கார்ந்தாள். விரல்களைத் தொட்டாள். சூடாக இருந்தன.

“ரெண்டு,” என்றாள்.

“டீச்சர், மத்தவங்கள்லாம் எங்க? என்னாலதான் வரலியா?”

கோமளவல்லி விரல்களை விடாமல் அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.

*

ஏழு மணிக்குச் சிறுமியின் அம்மா வந்தாள். இரண்டு வீட்டில் சமைத்துவிட்டு வருகிறவள். முந்தானையில் தாளிப்பு வாசம்.

“யார் நீங்க? என் வீட்டு வாசல்ல என்ன வேலை?”

“கீழே ஹால்ல பாடம் சொல்லிக் குடுக்கறேன். உங்க பொண்ணு தினமும் வகுப்புக்கு வருது.”

“பூட்டிட்டுத்தானே போறேன்!”

“குரல் வருது.”

அவள் முகம் மாறியது. சட்டென்று கோபம் வந்தது.

“பூட்டாம? நாங்க இங்க வந்து மூணு மாசம். எதிர்வீட்டுக்காரர் பேர்கூடத் தெரியாது. யாரை நம்பி விடச் சொல்றீங்க? உங்களையா? உங்களை எனக்குத் தெரியுமா?”

“தெரியாது,” என்றாள் கோமளவல்லி.

இடுக்கில் விரல்கள் அப்படியே இருந்தன.

திடீரென்று கோமளவல்லிக்குப் பிலோமினாவின் சாவி வளையம் நினைவுக்கு வந்தது. பதினொரு சாவிகள். அதில் இல்லாத ஒன்று, பிலோமினாவின் சொந்த வீட்டுச் சாவி; அது யார் கையில் இருக்கும் என்று இப்போது புரிந்தது.

இடுப்பில் செருகியிருந்ததை எடுத்தாள். அந்த அம்மாவின் உள்ளங்கையில் வைத்து மூடினாள்.

“ஜி பதினாறு. ரெண்டாவது மாடி. இது என் வீட்டுச் சாவி, நீங்களே வெச்சுக்கங்க. எப்ப வேணும்னாலும் திறந்து பாருங்க. நாளைக்கு வேலைக்குப் போகும்போது மட்டும், உங்க சாவியை என்கிட்ட குடுத்துட்டுப் போங்க.”