கொசுறு கொடுக்க ஆளில்லாத கடை

முன்னொரு காலத்தில் தேனாற்று நாட்டை வச்சிரபாகு என்றொரு ராஜா ஆண்டு வந்தான். கெட்டவன் என்று சொல்லிவிட முடியாது. காலையில் ஒரு புத்தி, மாலையில் ஒரு புத்தி, அவ்வளவுதான். அவனுடைய மந்திரி திருமேனியார் பெரிய அறிவாளி. ஆனால் மனைவி போய்ச் சேர்ந்த பிறகு, அவ்வளவு பெரிய வீட்டில் அவரும் சுவர்ப் பல்லியும்தான் குடித்தனம்.

மந்திரி தினமும் காலையில் சந்தைக்குப் போய் இரண்டு கத்தரிக்காய் வாங்குவார். அடுப்பு மூட்டவே தெரியாத மனிதருக்குக் கத்தரிக்காய் எதற்கு? காய்க்காரி சடைச்சி, காயோடு ஒரு கொத்துக் கறிவேப்பிலையைக் கொசுறாகப் போட்டு, "சாப்பிட்டாச்சாய்யா?" என்று கேட்பாள். "ஆச்சும்மா" என்பார். பச்சைப் பொய். அந்த ஒரு கேள்விக்காகத்தான் அவர் அவ்வளவு தூரம் நடந்தார். அரண்மனையில் எல்லோரும் அவரிடம் யோசனை கேட்பார்கள். சாப்பாட்டைப் பற்றிக் கேட்க யாருமில்லை.

இப்படி இருக்கையில் ஒருநாள், மந்திரி பதவிமேல் கண்வைத்திருந்த நஞ்சுண்டராயர் சபையில் எழுந்தார். "மன்னா! கடல் கடந்த வணிகர் ஒருவர் நம் ஊரில் பெருங்கடை வைக்க ஆசைப்படுகிறார். ஊசி முதல் யானை அங்குசம் வரை எல்லாம் ஒரே கூரையின் கீழ்! மாதிரிக்குக் கோட்டை வாசலில் ஒரு கொட்டகை போட்டிருக்கிறார்கள். எல்லாம் பாதி விலை! சந்தைத் திடலைக் கொடுத்தால் மாளிகையே எழுப்பிவிடுவார்கள்."

"பாதி விலையா? கொடுத்துவிடு!" என்றான் ராஜா.

"சந்தைக்காரர்கள் எங்கே போவார்கள், மன்னா?" என்று மந்திரி கேட்டார்.

"மந்திரியாருக்கு வயதாகிவிட்டது. அவருக்குக் கடை என்றால் கோணிச்சாக்கும் தராசும்தான்!" என்றார் ராயர். சபை கொல்லென்று சிரித்தது. மந்திரியும் சிரித்து வைத்தார். வீட்டுக்கு வந்து, அந்தச் சிரிப்பைச் சொல்லி ஆற்றிக்கொள்ள ஆளில்லாமல் உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் செய்தியைக் கேட்ட சடைச்சி தராசைக் கீழே வைத்தாள். "ஏன்யா, திடலு ராசாவுதா? ஊருதில்ல?"

மந்திரிக்குச் சுருக்கென்றது. இவ்வளவு படித்தும் இது தோன்றாமல் போயிற்றே! "ஒரு பழைய வழக்கம் இருக்கிறதும்மா. ஊர் மண்ணைப் பற்றி ஊர்ச்சபை ஒரே குரலாகக் கட்டுப்பாடு போட்டால், ராஜா தானே சோதித்துப் பார்க்காமல் அதைத் தள்ளக் கூடாது."

"ஒரே குரலா? எண்ணெய்க்காரரும் உப்புக்காரரும் மொகம் பாத்துப் பேசி வருசக்கணக்காச்சே!"

"அதை நீதான் பார்க்கணும். நான் ராஜாவின் சோறு தின்கிறவன். ஊர்ச்சபைக்குள் நுழைய முடியாது."

சடைச்சி வீடு வீடாக ஏறி இறங்கினாள். கெஞ்சினாள், ஏசினாள். எண்ணெய்க்காரரையும் உப்புக்காரரையும் ஒன்றாக நிறுத்தி, "கடையே போனப்புறம் யாரு வாசல்ல நின்னு சண்டை போடுவீங்க?" என்று கேட்டாள். இருவரும் பல்லைக் கடித்துக்கொண்டு சபைக்கு வந்தார்கள்.

ஊர்ச்சபை கூடிய அன்று மந்திரி வெளியே வேப்பமரத்தடியில் தனியாக நின்றார். உள்ளே கூச்சல், வசவு, சிரிப்பு. கடைசியில் ஊரே ஒரே குரலில் "சம்மதம்!" என்றது. அவர் சடைச்சியிடம் சொல்லி அனுப்பிய கட்டுப்பாடுதான். ஆனாலும் அந்தக் குரலில் அவருடைய குரல் இல்லை. மனசு வலித்தது.

கட்டுப்பாடு இதுதான்: "இவ்வூரில் கடை வைப்பவர், கேட்டவருக்குக் கொசுறு கொடுக்கும் அதிகாரமுள்ள ஒருவரைக் கடையிலேயே உட்கார வைக்க வேண்டும்."

"கொசுறுக்குச் சட்டமா!" என்று அரண்மனையில் அதைக் கேட்ட ராயர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "கேட்டால் கூடையோடு கொடுப்பார்கள். கொடுக்காவிட்டால் நான் தலைப்பாகையைக் கழற்றிவிட்டுச் சந்தையில் கீரை விற்கிறேன்!"

"சோதித்துவிடலாம் மன்னா. கிரீடத்தோடு போனால் கடையையே கொடுத்துவிடுவார்கள். குடியானவனாகப் போங்கள்" என்றார் மந்திரி. மாறுவேடம் என்றால் ராஜாவுக்குக் கொள்ளை ஆசை. கிளம்பிவிட்டான்.

கொட்டகையில் கத்தரிக்காய் வாங்கிவிட்டு, "ஒரு கொத்துக் கறிவேப்பிலை போடப்பா" என்றான். பணியாள் நிமிர்ந்தே பார்க்கவில்லை. "எனக்கு உத்தரவில்லை. மேலாளைக் கேளு." மேலாள், "காரியஸ்தரைக் கேளு" என்றான். காரியஸ்தர் கையை விரித்தார். "முதலாளியைத்தான் கேட்கணும்."

"அவர் எங்கே?"

"கடலுக்கு அந்தப் பக்கம். அடுத்த கப்பலில் சொல்லி அனுப்பலாம்."

ராஜா கறிவேப்பிலை கிடைக்காமலே சந்தைக்கு வந்தான். சடைச்சிக்கு அவனை அடையாளம் தெரியவில்லை. காயை நிறுத்தாள், கறிவேப்பிலையைப் போட்டாள், மேலே இரண்டு பச்சை மிளகாயும் போட்டாள். "மொகம் வாடிக் கெடக்கே, சாப்பிட்டியா தம்பி?" என்றாள். ராஜா காயை வாங்காமல் அவள் முகத்தையே பார்த்தபடி நின்றான். பின்தொடர்ந்து வந்து நாலடி தள்ளி நின்ற மந்திரிக்கு அந்தப் பார்வை நன்றாகப் புரிந்தது.

சபைக்குத் திரும்பியதும் ராஜா கர்ஜித்தான். "அத்தனை பணியாட்கள்! ஒரு கொத்துக் கறிவேப்பிலை கொடுக்க அதிகாரமுள்ளவன் ஒருவன்கூட இல்லை! நாளைக்கு என் குடிகளுக்கு அந்தக் கடையால் ஒரு குறை வந்தால் நான் யார் சட்டையைப் பிடிப்பேன்? கடலையா? ஊர் போட்ட கட்டுப்பாடு நிற்கட்டும். கொட்டகையைப் பிரியுங்கள். ராயரே, தலைப்பாகையை இப்படி வையும்!" பிறகு மந்திரியைப் பார்த்தான். "உமக்கு என்ன வேண்டும்? கேளும்."

"எனக்கு வேண்டியது திடலிலேயே இருக்கிறது, மன்னா" என்றார் மந்திரி.

மறுநாள் சந்தையில் ராயர் வெறுந்தலையோடு கீரைக்கட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்து, "கொசுறு எங்கே?" என்று கேட்ட கிழவியிடம் திட்டு வாங்கிக்கொண்டிருந்தார். மந்திரி இரண்டு கத்தரிக்காயைப் பொறுக்கினார்.

"சாப்பிட்டாச்சாய்யா?"

வழக்கமான பொய் நாக்கு நுனி வரை வந்தது. ஏனோ அன்று வெளியே வரவில்லை.

"இல்லம்மா."

"தெரியும்யா. இந்தக் கத்தரிக்கா தெருக்கோடி மாட்டுக்குத்தான் போகுதுன்னு ஊருக்கே தெரியும்." சடைச்சி சாக்கில் இடம் ஒதுக்கினாள். கஞ்சிக் கலயத்தைத் திறந்து, பாதியை ஒரு சட்டியில் ஊற்றி அவர் முன்னால் வைத்தாள்.

மந்திரி மடியைத் துழாவினார். அவள் கையைத் தட்டிவிட்டாள்.

"காசெல்லாம் வேண்டாம். இது கொசுறு."