முழு மதிப்பெண் வாங்கிய முயல்

மலையடிவாரக் காடு ஒன்றில், ஆற்றங்கரை நாவல் மரத்தில் ஒரு கிளி ஆங்கில இலக்கிய வகுப்பு நடத்தி வந்தது. பள்ளிக்கூட ஜன்னலில் உட்கார்ந்து கற்றுக்கொண்ட கிளி அது. அதற்குத் தெரிந்ததெல்லாம் பரீட்சை ஒன்றுதான்.

“பாட்டில் ‘லைக்’ வந்தால் சிமிலி, அதாவது உவமை அணி. ‘லைக்’ இல்லாமல் ஒன்றை இன்னொன்று என்று சொன்னால் மெட்டஃபர், உருவக அணி. மனப்பாடம் செய்யுங்கள்!”

“பாட்டில் என்ன சொல்லியிருக்கிறது, சார்?” என்று ஒருநாள் முயல் கேட்டது.

“அதற்கெல்லாம் மதிப்பெண் கிடையாது. பெயரைச் சொன்னால் போதும்.”

அதற்குப் பிறகு முயல் எதையும் கேட்கவில்லை. கரையோர வளையில் குட்டிகளைத் தூங்க வைத்துவிட்டு வந்து, நாள் தவறாமல் உருப்போட்டது. நாளடைவில், ஆங்கிலத்தில் யார் எது பேசினாலும் அது பரீட்சைக் கேள்விதான் என்று அந்த வகுப்பே நம்ப ஆரம்பித்தது. தலையெழுத்து!

ஒரு மழை நாளில் வெளிநாட்டு நாரை ஒன்று மலைப்பக்கமிருந்து மூச்சிரைக்கப் பறந்து வந்தது. அதற்கு ஆங்கிலம் மட்டுமே தெரியும்.

“இந்த ஆறு ஒரு பசித்த சிங்கம்! மலையிலிருந்து இறங்கிவிட்டது!” என்று கத்தியது நாரை.

“மெட்டஃபர்!” என்று துள்ளியது முயல்.

“சபாஷ்!” என்றது கிளி.

நாரை திகைத்துப் போனது. “உங்கள் வளைகளுக்குள் அது பாம்பைப் போல நுழையப் போகிறது!”

“லைக் வந்துவிட்டது! சிமிலி!” என்று வகுப்பிலிருந்த அணில் வாலை ஆட்டியது.

“நான்தான் முதலில் சொல்ல வந்தேன்” என்று முயல் சண்டைக்குப் போனது.

நாரை தலையில் அடித்துக்கொண்டது. “அட மூடங்களே! வெள்ளம் வருகிறது! குட்டிகளைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஓடுங்கள்!”

எல்லாரும் கிளியைப் பார்த்தார்கள்.

கிளி யோசித்துவிட்டுச் சொன்னது: “இதில் அணி எதுவும் இல்லை. பரீட்சைக்கு வராது, விட்டுவிடுங்கள்.”

அப்போதாவது முயல் ஓடியிருக்கலாம். அவ்வளவு நீளக் காது இருந்தும் என்ன பயன்? அடுத்த கேள்விக்காகக் காத்துக்கொண்டு நின்றது.

வெள்ளம் வந்தது. அணில் மரமேறித் தப்பியது. முயல் அலறிக்கொண்டு வளைக்கு ஓடியது. கழுத்தளவு நீரில் குட்டிகளை ஒவ்வொன்றாகக் கவ்வி இழுத்து மேட்டில் போட்டது. கடைசிக் குட்டியை வெளியே எடுத்ததும் வளை இடிந்து ஆற்றோடு போனது.

நாவல் மரத்தின் உச்சியிலிருந்து கிளி கூவியது: “முயலே, மெட்டஃபரைக் கண்டுபிடித்த உனக்குத்தான் இன்று முழு மதிப்பெண்!”

நடுங்கும் குட்டிகளை அணைத்தபடி முயல் நிமிர்ந்து பார்த்தது.

“அதை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், சார். இதுகளை இன்றைக்கு நான் எங்கே தூங்க வைப்பது? அதைச் சொல்லுங்கள்.”



நீதி: அணியின் பெயரைக் கண்டுபிடித்தவர் பாட்டைப் புரிந்துகொண்டவர் ஆகிவிட மாட்டார்.