ஆறு ஃபிரேம் வித்தியாசம்

அருளப்பன் முப்பது வருஷம் நூல் மில்லில் தரம் பார்த்தவர். பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும் இரண்டு நூலைக் கையில் கொடுத்தால், எது தடிமன் என்று விரலால் தடவியே சொல்லிவிடுவார். மில்லை மூடியபோது அவருக்கு ஐம்பத்தோரு வயது. வேறு தொழில் தெரியாது.

காந்திபுரத்தில் ஒரு மாடியில் நஸீமா கம்ப்யூட்டர் கடை வைத்திருந்தாள். பின்னறையில் வகுப்பும் நடத்தினாள். அருளப்பன் அங்கே போய்ச் சேர்ந்தார். அவளுக்கு வயது முப்பத்து மூன்று. அவர் அவளை டீச்சர் என்றார். அவள் அவரை அண்ணா என்றாள். ஆறு மாதத்தில் தொழில் கைக்கு வந்துவிட்டது.

அந்தச் சமயத்தில் ஈரோட்டில் ஒரு கல்லூரிக்கு லேப் அமைத்துக் கொடுக்கும் வேலை வந்தது. நஸீமா கடையை அவரிடம் விட்டுவிட்டுப் போனாள்.

மறுநாள் காலையில் சென்னியப்பன் வந்தார். டவுன் பஸ் கண்டக்டர். டூட்டிக்குப் போகிற வழி, காக்கிச் சட்டையோடு நின்றார்.

"பையனுக்கு ஒரு மெஷின் வேணுங்க. கேம் விளையாட."

"என்ன வயசுங்க?"

"இருபத்திரண்டு. நவநீதன்னு பேரு. தசை மெலியற நோயிங்க. காலு போயிப் பத்து வருசமாச்சு. இப்பக் கையும் போயிட்டிருக்குது. வெரலு மட்டும் நல்லா அசையுது."

அருளப்பன் நாற்காலியை நகர்த்திப் போட்டார். சென்னியப்பன் உட்காரவில்லை.

"கூடப் படிச்ச பசங்க ரெண்டு பேரு ஓசூர்ல வேலை பாக்கறாங்க. மூணு பேரும் சேர்ந்து விளையாடோணும்கறான். பழைய மெஷின் தாங்க மாட்டேங்குது. அந்த கேமுக்குள்ள அவன் ஓடறானுங்க. மதில் ஏறிக் குதிக்கறான்."

அப்படிப்பட்ட மெஷினுக்குக் கிராபிக்ஸ் கார்டுதான் உயிர். திரையில் படத்தை ஓடவைப்பது அது. அவர் கேட்டதற்கு ஏற்ற மாதிரி கடையில் இரண்டு கார்டுகள் இருந்தன. இரண்டிலும் சிப் ஒன்றேதான். விலையும் ஏறக்குறைய ஒன்றுதான். தயாரித்த கம்பெனிதான் வேறு. ஒன்றில் இரண்டு ஃபேன், மற்றதில் மூன்று.

"இதுல எது நல்லதுங்க?" என்றார் சென்னியப்பன்.

அருளப்பன் இரண்டு பெட்டியையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அவனுக்கு இதுதான் கடைசி மெஷினுங்க. நல்லதாப் பாத்துக் குடுங்க."

அந்த வார்த்தை அருளப்பனைப் பிடித்துக்கொண்டது. "நாலு நாள் டைம் குடுங்க. ரெண்டையும் ஓட்டிப் பாத்துச் சொல்றேன்" என்றார்.

அன்றைக்கே ஆரம்பித்தார். ஒரே மெஷினில் இரண்டு கார்டையும் மாற்றி மாற்றிப் பொருத்தினார். ஒரே கேம், ஒரே இடம். திரையில் நொடிக்கு எத்தனை படம் மாறுகிறது, அதாவது எத்தனை ஃபிரேம், எவ்வளவு சூடு, எவ்வளவு சத்தம் என்று நோட்டில் கோடு போட்டு எழுதினார். இரண்டு ஃபேன் கார்டு ஆறு ஃபிரேம் அதிகம் கொடுத்தது. ஆனால் சூடானது. மூன்று ஃபேன் கார்டு குளிர்ச்சியாக ஓடியது. ஆனால் ஆறு ஃபிரேம் குறைவு.

நாலாம் நாள் சென்னியப்பன் போன் பண்ணினார். "உங்க வீட்டுக் கூரை என்னங்க?" என்று கேட்டார் அருளப்பன். சிமெண்ட் ஷீட் என்று பதில் வந்தது. அந்த வீட்டுச் சூட்டில் எப்படி ஓடும் என்று பார்க்க, அருளப்பன் கடையின் ஜன்னல்களை அடைத்து, மின்விசிறியை நிறுத்தி, வேர்வை சொட்டச் சொட்ட முதலிலிருந்து ஓட்டிப் பார்த்தார். யூடியூபில் ஒருவன் ஒன்றைப் புகழ்ந்தான். இன்னொருவன் அதையே கிழித்துத் தொங்கவிட்டான். இரண்டையும் எழுதிக்கொண்டார்.

எட்டாம் நாள் இரண்டு டிரிப்புக்கு நடுவே சென்னியப்பன் நேரிலேயே வந்தார். மேஜைமேல் இருந்த இரண்டு கார்டையும் பார்த்தார்.

"எதாச்சும் ஒண்ணப் போட்டுக் குடுத்துருங்களேன்."

"அப்படிக் குடுக்க மனசு வரலைங்க. இன்னும் ரெண்டே நாள்."

"சரிங்க." அவர் படியிறங்கிப் போனார். அதற்குப் பிறகு போன் வரவில்லை. தொந்தரவு இல்லாமல் வேலை நடக்கிறதே என்று அருளப்பனுக்கு நிம்மதியாகக்கூட இருந்தது.

பன்னிரண்டாம் நாள் நஸீமா திரும்பினாள். மேஜையில் இரண்டு கார்டு. பக்கத்தில் கோடு போட்ட நோட்டு, இருபது பக்கத்துக்கு மேல். அவர் விவரம் முழுக்கச் சொல்லி முடிக்கும்வரை நின்றுகொண்டே கேட்டாள். நோட்டைப் புரட்டினாள்.

"இந்த ஆறு ஃபிரேம் விளையாடறவருக்குக் கண்ணுல தெரியுமாண்ணா?"

"தெரியாதுங்க டீச்சர்."

"உங்களுக்கு?"

"எனக்கும் தெரியாதுங்க. மெஷின் காட்டுது."

நஸீமா நோட்டை மூடினாள். கைக்கு எட்டிய கார்டை எடுத்தாள். அது எது என்றுகூட அவள் பார்க்கவில்லை.

"ஸ்க்ரூடிரைவர் எடுங்க."

இரண்டு மணி நேரத்தில் மெஷின் தயாரானது. அருளப்பன் சென்னியப்பனுக்குப் போன் போட்டார். "ரெடிங்க. நாங்களே கொண்டு வர்றோம்." "வாங்க" என்றார் அவர்.

கவுண்டம்பாளையத்தில் வீடு. முன்னறையிலேயே கட்டில் போட்டிருந்தது. நவநீதன் முதுகுக்கு மூன்று தலையணை கொடுத்துச் சாய்ந்திருந்தான். மூச்சுக்கு ஒரு குழாய் மூக்கில் மாட்டியிருந்தது. கண் மட்டும் பெரிதாக, பளிச்சென்று இருந்தது.

நஸீமா ஒயர்களைச் செருகினாள். திரை வெளிச்சமாகி, நவநீதனின் கேம் திறந்தது. அருளப்பன் மவுஸை எடுத்துப்போய் அவன் வலது கைக்கு அடியில் வைத்தார். கை அதன்மேல் கிடந்தது. அவர் காத்திருந்தார். விரல்களைத் தாமே மெல்ல மடக்கி வைத்துப் பார்த்தார். கையை எடுத்ததும் அவை பழையபடி விரிந்துகொண்டன.

சென்னியப்பன் சுவரைப் பார்த்தபடி சொன்னார். "ரெண்டாவது தடவை உங்க கடைக்கு வந்தேனுங்களே, அதுக்கு மறுநா காய்ச்சல் வந்துருச்சு. நெஞ்சுல சளி. ஆஸ்பத்திரில மூணு நாள் வெச்சிருந்தோம். வீட்டுக்கு வந்தப்புறம் வெரலு அசையலீங்க. இனி வராதுன்னுட்டாரு டாக்டரு."

"ஒரு போன் போட்டுச் சொல்லியிருக்கலாமேங்க" என்றார் அருளப்பன்.

"நீங்க ரெண்டு நாள்னு சொன்னீங்க. அதுக்குள்ள சரியாயிரும்னு நானும் நெனச்சுட்டேன்."

நவநீதன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அண்ணா, கடைசில எந்தக் கார்டு போட்டீங்க?" என்று கேட்டான்.

"மூணு ஃபேன் வெச்சதுங்க தம்பி" என்றார் அருளப்பன்.

"அதுதான் நல்லதுங்களா?"

"நல்லதுதாங்க."

"அப்பாகிட்டக் குடுங்க" என்றான் நவநீதன். "அப்பா, நீங்க புடிங்க. நான் சொல்லச் சொல்ல ஓட்டுங்க."

சென்னியப்பன் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். டிக்கெட் கிழித்துக் காய்த்துப்போன விரல்கள் மவுஸை இறுக்கிப் பிடித்தன. இடது கை கீபோர்டுக்குப் போனது. திரையில் ஒரு ஆள் நடந்தான், திரும்பினான், மதிலில் போய் முட்டிக்கொண்டு நின்றான்.

"இடது பக்கம்ப்பா. இடது."

ஸ்பீக்கரில் ஓசூர் நண்பனின் குரல் கேட்டது. "டேய் நவநீ! வந்துட்டியாடா? ஏன்டா அங்கயே நிக்கற?"

"நான் இல்லடா. அப்பா ஓட்டறாரு."

அந்தப் பக்கம் யாரும் சிரிக்கவில்லை. "மெதுவா வாங்கப்பா. நாங்க நிக்கறோம்" என்றான் அவன். திரையில் இருந்த ஆள் இன்னும் மதிலில் முட்டிக்கொண்டிருந்தான். சென்னியப்பனின் முகத்தில் வழிந்ததை அவர் துடைக்கவில்லை. இரண்டு கையும் வேலையாக இருந்தன.

நஸீமா செருப்பை மாட்டிக்கொண்டாள். அருளப்பன் பின்னாலேயே வந்தார்.

பஸ் ஸ்டாப்பில் நல்ல வெயில். அருளப்பன் தன் விரல்களை மடக்குவதும் நீட்டுவதுமாக இருந்தார்.

"டீச்சர், ஒண்ணு கேக்கட்டுங்களா?"

"கேளுங்கண்ணா."

"அவரு வந்த மொத நாளே நான் குடுத்திருக்கோணும். அது புரியுது. ஆனா ரெண்டுல எதைக் குடுத்திருக்கோணும்?"

ஒரு பஸ் வந்து நின்றது. அவர்கள் போகிற பஸ் இல்லை. ஆட்கள் இறங்கினார்கள், ஏறினார்கள், அது போய்விட்டது.

"அன்னைக்கு ரெண்டுமே நல்ல கார்டுதாங்கண்ணா" என்றாள் நஸீமா.