பகவதி எழுதிய மூன்று சீட்டுகள்

அவசரப்படாமல் கேளுங்கள். இந்தப் புதிருக்கு விடை கதைக்குள்ளேயே கிடக்கிறது.

மஸ்கட்டில் இருபத்தெட்டு வருஷம் ஸ்டோர் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர் ஆவுடையப்பன். அவரும் மனைவி பகவதியும் வேலை விசா முடிவதால் இரண்டு மாதத்துக்குள் அங்கிருந்து கிளம்பியாக வேண்டும். திருநெல்வேலிப் பக்கம் இருந்த வீடு பாகப்பிரிவினையில் தம்பிக்குப் போய்விட்டது. "அவன் வாசல்ல போய் நிக்க மாட்டேன், இனி இந்தியா பக்கமே வேண்டாம்" என்று சொல்லிவிட்டார். சேமிப்புக்கு வட்டியாக மாதம் எழுபதாயிரம் ரூபாய் வரும். வாடகை, சாப்பாடு, அவருடைய இருதய மாத்திரை எல்லாம் அதற்குள் அடங்குகிற வேறொரு நாடாகப் பார்க்க வேண்டும்.

அவருக்கு ஜார்ஜியாமேல் ஆசை. ஒரு தடவை கம்பெனி ஆட்களோடு போய் மலையைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து அதே பேச்சு. பகவதி மனசில் மலேசியா. அங்கே முருகன் கோயில் உண்டு, தமிழ் பேசுகிற ஜனங்கள் உண்டு. மகன் போனில் தாய்லாந்து என்றான்.

ஜார்ஜியா என்றாலே பகவதிக்குப் பயம். பனி கொட்டுகிற தெருவில் இவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால் யாரை, எந்தப் பாஷையில் கூப்பிடுவது? மலேசியா என்று அடித்துச் சொல்லவும் பயம். அங்கே வாடகை கையைக் கடித்தால் என்ன ஆகும்? மாத்திரை அட்டையைக் கண்ணாடி போட்டுத்தான் வாசிப்பார். ஆனால் கை இறுகினால், யாருக்கும் தெரியாமல் அதே மாத்திரையைப் பாதியாக உடைத்து விழுங்குகிற மனுஷன். அந்தப் பழி யார் தலையில் விழும்?

"என்னங்க, சாமி முன்னால சீட்டுப் போட்டுப் பாத்திருவோமா?" என்றாள்.

"நீயே எழுது, நான் எடுக்கேன். என்ன வருதோ அதுதான். மறுபேச்சு கிடையாது."

இருவரும் விபூதித் தட்டைத் தொட்டு வாக்குக் கொடுத்தார்கள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. அவர் கண்ணாடியைச் சாப்பாட்டு மேஜைமேல் கழற்றி வைத்துவிட்டுக் குளிக்கப் போனார். பகவதி காகிதத்தை மூன்றாகக் கிழித்தாள். முருகா, முருகா என்று சொல்லிக்கொண்டே மூன்றிலும் ஜார்ஜியா என்று எழுதிச் சுருட்டினாள். அவர் ஆசைப்பட்ட இடத்துக்கே போகட்டும், மற்றதை முருகன் பார்த்துக்கொள்ளட்டும்.

ஈரத்தலையோடு நேரே பூஜை அலமாரி முன் வந்து நின்றார். "என்னட்டி இப்படி முழிக்கே? பரீட்சை ரிசல்ட்டா பாக்கப் போறோம்?"

ஒரு சீட்டை எடுத்தார். பிரித்தார். பார்த்தார்.

"மலேசியா! உன் முருகன் உன்னைய விடமாட்டாம்போல."

சிரித்துக்கொண்டே சீட்டைச் சூடத்தில் காட்டினார். எரிந்து சாம்பலானது.

 அவர் நகர்ந்ததும் பகவதி மற்ற இரண்டையும் பிரித்தாள். ஜார்ஜியா. ஜார்ஜியா. எரிந்ததிலும் அதுதானே இருந்திருக்க வேண்டும்? சாமி எழுத்தையே மாற்றிவிட்டதா? தன் திருட்டுத்தனத்துக்குத் தண்டனை வரப்போகிறதா? கேட்டால் குட்டு உடைந்துவிடும். கேட்காமல் இருந்தால் நெஞ்சு வெடித்துவிடும்.

"காப்பி வருமாட்டி, மலேசியாக்காரி?" என்று அவர் கூப்பிட்டார். அவள் இரண்டு சீட்டையும் முந்தானையில் முடிந்துகொண்டு அடுப்படிக்குப் போனாள்.

ஜார்ஜியா என்று எழுதின சீட்டில் மலேசியா எப்படி வந்தது? விபூதியைத் தொட்டு வாக்குக் கொடுத்த இந்த இருவரில் யார் செய்தது சரி?

விடை: கண்ணாடி மேஜைமேலேயே இருந்தது. அது இல்லாமல் அவரால் ஒரு எழுத்துக்கூட வாசிக்க முடியாது. பயத்தில் பகவதிக்கு அது மறந்துபோயிற்று. சீட்டில் எது இருந்தாலும், அவள் ஆசைப்பட்ட மலேசியா என்று சொல்வதாகக் குளிக்கும்போதே அவர் முடிவு பண்ணிவிட்டார். ஆக, சாமி எதையும் மாற்றவில்லை. சாமியை யாரும் கேட்கவே இல்லை. ஒருவருக்காக ஒருவர் சொன்ன பொய்தான், ஆனாலும் இருவர் செய்ததும் சரியில்லை. சரியான காரியம் பிறகுதான் நடந்தது. காப்பி கொண்டுபோன பகவதி மேஜையில் கண்ணாடியைப் பார்த்தாள். அதையும் இரண்டு சீட்டையும் எடுத்துப்போய் அவர் முன் வைத்து, "இதைப் போட்டுக்கிட்டு இதை வாசிங்க" என்றாள். பிறகு தன் பயத்தையெல்லாம் ஒன்றுவிடாமல் சொல்லி அழுதாள். அவர் கண்ணாடியைப் போட்டு இரண்டு சீட்டையும் வாசித்தார். "மாத்திரையை உடைக்க மாட்டேன்ட்டி" என்றார் கடைசியில். டிக்கெட் மலேசியாவுக்குத்தான் போட்டார்கள்.